பத்து மதிப்பெண் வினா

பச்சூர் தாண்டியதும் செல்பேசி
ஆந்திரத்துக்கு வரவேற்கிறது,
நேற்று வந்ததே தெரியாததுபோல.
மல்லானூரில் ஏறும் கொய்யாக்காரி
இரண்டு மொழியில் ஒரே விலை சொல்கிறாள்.
குப்பத்தில் இறங்கி, பாறைக் குன்றைச் சுற்றிப்போகும்
ஷேர் ஆட்டோவில் பல்கலைக்கழகம்.
நிலவியல் துறை.
நான் அங்கே மணிக்கணக்குச் சம்பளத்தில் வாத்தியார்.

ஜனவரியில் நாற்பது டேப்லெட் வந்தன.
சுப்பராயுடு ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டினார்,
மாதிரிக் கற்களுக்கு ஒட்டும் அதே வெள்ளைத் துண்டில்.
ஆகையால் எங்களிடம்
பதினேழாம் எண் கருங்கல்லும் உண்டு
பதினேழாம் எண் டேப்லெட்டும் உண்டு.
கல்லுக்கு சார்ஜ் போட வேண்டாம்.
பிளக் ஆறுதான்.
பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பதற்குப் பதில்
"பதினெட்டு சதவீதம், சார்" என்றார்கள்.

குறை சொல்ல மாட்டேன்.
முன்பெல்லாம் சீவிய கல்லை நுண்ணோக்கியில் வைத்தால்
ஒருத்தர் கல்லைப் பார்ப்பார்,
மற்றவர்கள் அவர் முதுகைப் பார்ப்பார்கள்.
இப்போது எல்லார் மடியிலும் ஒரே நொடியில்
பெல்ஸ்பார் நிறம் மாறுகிறது.
தஸ்னீம் இரு விரலால் அகட்டி அகட்டி
"அப்படியே வாணியம்பாடித் தோல், சார்" என்றாள்.
சரிதான், துளைகள்கூட இருந்தன.

மார்ச்சில் தேர்வு.
பாலாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை வரைக. பத்து மதிப்பெண்.

திரும்பும் ரயிலில் திருத்தினேன்.
இருபத்தாறாம் எண், முனிலட்சுமி:
சுத்தமான படம்.
பக்கத்து இருக்கை கங்காத்ரியின் படமேதான்,
மேட்டை நோக்கி ஓடும் அந்த ஒற்றை அம்புக்குறி உட்பட.
மூலையில் ஒரு சின்ன முக்கோணம்.
அதுவரை நான் கவனிக்காதது. தொட்டேன்.

படம் மறைந்து
முதலிலிருந்து தன்னைத் தானே வரையத் தொடங்கியது.

முதலில் ஆறு இல்லை. மூன்று ஓடைகள்.
நடுங்காத கோடு, நடந்து பார்த்தவளின் கோடு.
தடுப்பணைகளுக்குக் குறுக்குக் கீறல்கள்.
மாநில எல்லையை அவள் போடவே இல்லை.
கீழே, ஓடை வற்றும் இடத்தில், ஒரு வட்டம்,
பக்கத்தில் தெலுங்கில் இரண்டு சொல்.
எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும்.
மா. பாவி.
யாரைத் திட்டுகிறாள் என்று திகைத்து
பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியபின் உறைத்தது:
எங்கள் கிணறு.

பிறகு பேனா நின்றது.
பன்னிரண்டு நொடி, ஒன்றும் நடக்காத திரை.
அப்புறம் அழிப்பான்
கிணற்றிலிருந்து தொடங்கி மேலே ஏறியது.
அதன்மேல் கங்காத்ரியின் படம்.

வரைந்தது ஒன்று, ஒப்படைத்தது ஒன்று.
மதிப்பெண் கட்டம் ஒன்று.
நான்கு போட்டேன்.
செல்பேசி தமிழ்நாட்டுக்கு வரவேற்றது.

மறுநாள் வகுப்பில் சொல்லிவிட்டேன்:
"நீங்கள் அழிப்பதும் இதில் இருக்கிறது."
ஒருவர் பின் ஒருவராய் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.
"கெட்ட வார்த்தைகூடவா, சார்?" என்றான் கங்காத்ரி.
எல்லாரும் சிரித்தார்கள்.
முனிலட்சுமி ஒட்டிய எண்ணை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் தேர்வன்று எழுந்து வந்தாள்.
"சார், ஒரு வெள்ளைத்தாள்."
விதிப்படி கூடாது. கொடுத்தேன்.
பென்சிலால் எழுதினாள், ரப்பரால் தேய்த்தாள்,
துகளை இருபத்தாறின் முகத்தில் தட்டிவிட்டு
மறுபடி எழுதினாள்.

காகிதமும் மறப்பதில்லை.
அழுத்தி எழுதிய இடம் பள்ளமாக நிற்கும்,
சாய்வெளிச்சத்தில் பிடித்தால் வாசித்துவிடலாம்.
கல்லில் கீறலைப் படிக்கிற எனக்கு
அதுதான் பிழைப்பு.
அன்றைக்கு மல்லானூர் வரை
சன்னல் வழியே வெயில் சாய்ந்தே வந்தது.

தாளை மடியில் தட்டையாக வைத்துத் திருத்தினேன்.
ஏழு.